மணிமேகலைக்குச் சேர வேண்டிய தேதி

மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில், கோவிந்தப்பனின் மாந்தோப்பு வேலியை ஒட்டி ஒரு பேனர் நின்றது. அதில் ராணுவ உடுப்பு போட்ட ஒருவர் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருப்பார். கழுத்து வரைக்கும் அவர் யாரோ வடநாட்டு ஆம்பிளை அதிகாரி. கழுத்துக்கு மேலே கோவிந்தப்பனின் மகள் மணிமேகலை, கல்யாண போட்டோவில் இருந்தபடியே நெற்றிச்சுட்டியோடு சிரித்துக்கொண்டிருப்பாள். பேனர் அடிக்கிற கடையில் கர்னல் உடுப்பில் பெண் படம் கிடைக்கவில்லையாம். கிடைத்த உடம்பில் தலையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

"லெப்டினன்ட் கர்னலாகப் பதவி உயரும் எங்கள் வீரமங்கையை வாழ்த்துகிறோம்" என்று எழுதி, கீழே பன்னிரண்டு ஆகஸ்ட் என்று தேதியும் போட்டிருந்தது. அதற்கும் கீழே வட்ட வட்டமாக உறவுக்காரர்களின் முகங்கள். மாமன், மச்சான், சித்தப்பன், அக்கா வீட்டுக்காரர் என்று ஒரு பஸ் நிறையும் கூட்டம். எல்லாரும் இருந்தார்கள், பங்காளி நாராயணப்பன் ஒருவரைத் தவிர. கோவிந்தப்பன் வேண்டுமென்று விடவில்லை. போட்டோக்களை வாட்ஸப்பில் அனுப்பும்போது ஒன்று போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்தில் பேனரில் முகம் விட்டுப்போவது கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போவதைவிடப் பெரிய குற்றம். மணிமேகலையின் கதை கெட்டுப்போனதற்கும், பிறகு நிமிர்ந்ததற்கும் அந்த ஒரு வட்டம்தான் காரணம்.

மணிமேகலை ராணுவ நர்ஸிங் பிரிவில் அதிகாரி. நர்ஸ் வேலைக்கு எதற்கு நட்சத்திரமும் சல்யூட்டும் என்று ஊரில் கேட்காத ஆளில்லை. குண்டடி பட்டுக் குடல் சரிந்து வருகிறவனுக்கு முதலில் கை வைப்பது யார் என்று அவள் திருப்பிக் கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வாய். பெண் பார்க்க ஓசூரிலிருந்து கௌதம் வீட்டார் வந்தபோது, பெரியவர் ஒருவர் இனிப்பைக் கடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கப்புறம் பட்டாளத்த விட்டுருமில்ல பொண்ணு?" என்று கேட்டார். "மாப்ள ஃபாக்டரிய விட்டுடுவாரா?" என்று கேட்டாள் மணிமேகலை. கோவில்பட்டியிலிருந்து பிழைப்புக்கு வந்து, சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த கௌதம் மட்டும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று இன்றைக்கும் சொல்வாள்.

அவள் மேஜராக இருந்தபோது மகள் லாவண்யா பிறந்தாள். அடுத்த பதவியான லெப்டினன்ட் கர்னல், இத்தனை வருடம் சர்வீஸ் முடிந்தால் தானாக வருவது. யாரும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, உடம்பு முழுத் தகுதியோடு இருக்க வேண்டும். பிள்ளை உண்டானால் அதிகாரியின் பெயருக்கு நேரே 'தற்காலிகத் தகுதிக் குறைவு' என்று எழுதுவார்கள். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியதும் மெடிக்கல் போர்டு என்று டாக்டர்கள் உட்கார்ந்து பரிசோதித்து, அதை எடுத்துவிட வேண்டும். அரை நாள் வேலை.

அந்த அரை நாள் வேலையை யார் செய்வது என்பதில்தான் வினை. விடுப்பு முடிகிற சமயத்தில் அவளுக்கு இடமாறுதல் வந்தது. பழைய ஆஸ்பத்திரி, அவள்தான் போய்விட்டாளே, புது இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. புது ஆஸ்பத்திரி, பழைய இடத்திலிருந்து ஃபைல் வரவில்லையே, வந்தால் பார்க்கலாம் என்றது. இவள் நேரில் கேட்டாள், எழுதிக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். ஆகஸ்ட் பன்னிரண்டு வந்து போனது. தகுதிக் குறைவு என்று எழுதப்பட்ட அதே உடம்போடு அவள் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தாங்கி நின்றுகொண்டிருந்தாள். நைட் டூட்டி போடும்போது மட்டும் அந்தக் குறை யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் தெரியாத கோவிந்தப்பன், மகள் எப்போதோ போனில் சொன்ன தேதியை நம்பிப் பேனரை நட்டுவிட்டார். பதவி வரவில்லை என்றதும் டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. "கர்னல் வந்துட்டாங்களா?" என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். நாராயணப்பன் சிரிப்போடு நிறுத்தவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, இல்லாத பதவியைப் போட்டு ராணுவத்தை அவமதிக்கிறார்கள் என்று பேனர் படத்தோடு ஒரு புகாரை மேலிடத்துக்குத் தட்டிவிட்டார்.

மாதக்கணக்கில் ஒரு ஃபைலைத் தேட முடியாத நிர்வாகம், இந்தப் புகாரை மட்டும் சுடச்சுடக் கையில் எடுத்தது. இல்லாத பதவியைப் பயன்படுத்தியதற்கு உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மணிமேகலைக்கு நோட்டீஸ் வந்தது.

கோவிந்தப்பன் அலறிப்போய் போன் செய்தார். "நான் தெரியாம பண்ணிட்டம்மா. இப்பவே போய் அதப் புடுங்கிப் போட்டுட்றன்."

"தொடாதப்பா. அதுல என்ன பொய் இருக்குது?"

"பதவி வரலயேம்மா."

"வரலன்னா அது அவங்க தப்பு. நீ போட்ட தேதி சரியான தேதி. அது அங்கயே நிக்கட்டும்."

நோட்டீசுக்கு அவள் எழுதிய பதிலும் அதேதான். பேனரில் இருக்கும் தேதி விதிப்படி சரியானது, என் தகப்பனார் வைத்த தேதியைத் திருத்த வேண்டியதில்லை, உங்கள் ஆவணத்தில் இருக்கும் என் தகுதி நிலையைத்தான் திருத்த வேண்டும், அதற்கு மெடிக்கல் போர்டைக் கூட்டுங்கள் என்று எழுதி அனுப்பினாள். படித்தவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. பங்காளி போட்ட புகாருக்குப் பதில் சொல்லப்போய், அவளுக்கு போர்டு கூட்டவில்லை என்பது முதல்தடவையாக மேலிடத்தின் மேசைக்கு ஏறியது. நாராயணப்பன் மட்டும் அந்த வட்டத்துக்குள் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

ஆனாலும் இழுத்தடித்து, அடுத்த மே மாதம்தான் போர்டு உட்கார்ந்தது. முழுத் தகுதி என்று எழுதினார்கள். பதவியும் வந்தது, ஆனால் போர்டு உட்கார்ந்த நாளிலிருந்து. ஆகஸ்டிலிருந்து மே வரைக்கும் அவள் பார்த்த வேலையெல்லாம் கணக்கில் இல்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அந்த இடைவெளியில் முன்னே போய்விட்டார்கள். இனி ஆயுசுக்கும் அவர்கள் மூத்தவர்கள், இவள் இளையவள்.

புதுப் பதவிக்கான பட்டையைத் தோளில் வைப்பது ராணுவத்தில் ஒரு சடங்கு. ஒரு தோளில் மேலதிகாரி வைப்பார், மறு தோளில் வீட்டு மனிதர் வைப்பார். பிறகு கைதட்டல், கேக், போட்டோ. கௌதம் லீவு சொல்லி, டிக்கெட்டும் போட்டுவிட்டான். "வராதீங்க" என்றாள் மணிமேகலை. தப்பான தேதிக்குக் கைதட்டி வாங்க மாட்டேன் என்று அறைக் கண்ணாடி முன்னால் தானே இரண்டு தோளிலும் பட்டையைக் குத்திக்கொண்டு டூட்டிக்குப் போனாள். அன்று கௌதமுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பட்டையை வைக்க அவனுக்கு ஆசை. அதைச் சொல்லிக்கொள்ளவும் தெரியாமல் டிக்கெட்டை கேன்சல் செய்தான்.

அதன்பிறகு அவள் தேதியைத் திருத்தக் கேட்டு முறைப்படி மனு போட்டாள். அது நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது லீவில் ஓசூருக்கு வந்தாள்.

லாவண்யாவுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. கௌதமோடுதான் இருந்தாள். அவன் ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு மாதேஸ்வரியிடம் விளையாடுவாள். மாதேஸ்வரிக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், லாவண்யாவிடம் தமிழ். குழந்தை மூன்றையும் கலந்து அடித்தது. "அம்மா, நீளு குடு, பேகா" என்று சீக்கிரம் தண்ணீர் கேட்டதும் மணிமேகலைக்கு சிரிப்பு வந்தது. தன் குழந்தை எந்த மொழியில் முதல் பேச்சுப் பேசியது என்று தனக்குத் தெரியாதே என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த லீவில்தான் பிரிகேடியர் அம்மா போன் செய்தார். மணிமேகலையின் பிரிவுக்குப் பெரிய அதிகாரி. கெட்ட மனுஷி இல்லை. குரலில் அக்கறையும் இருந்தது.

"உன் வீடு ஓசூர்தானே? பெங்களூரில் ஒரு இடம் காலியாகிறது. உனக்கே தரலாம் என்று இருக்கிறோம்."

பெங்களூர் என்றால் எல்லையோரத்து அத்திப்பள்ளி தாண்டினால் வந்துவிடும். வாரா வாரம் வீடு. முடிந்தால் தினமும்கூட வீடு.

"பேனர் விவகாரத்தையும் மூடிவிடலாம். நீ அந்தத் தேதி மனுவை மட்டும் திரும்ப வாங்கிக்கொள். காகிதத்தில் ஒரு வரி, அவ்வளவுதானே? அதற்காக எத்தனை பேரை இழுத்து நிறுத்தப் பார்க்கிறாய்?"

"யோசித்துச் சொல்கிறேன் மேடம்" என்று போனை வைத்தாள். அவள் யோசிக்கிறேன் என்று சொன்னதே அதிசயம். பெங்களூர் அவளை அந்த அளவுக்கு ஆட்டிவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்த கௌதமிடம் சொன்னாள். அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மேகலை? சரின்னு சொல்லிரு."

"அப்ப அந்தத் தேதி?"

"தேதி, தேதி, தேதி! தேதியா வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போகுது? காய்ச்சல்ல இவ ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு அனத்துனப்ப நான் ஒருத்தன்தான கெடந்தேன். ஒனக்கு ரோசம் பெருசா, நாங்க பெருசா?"

அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை, அதனால்தான் அவளுக்கு வலித்தது. "நான் ஒண்ணும் ஊர் சுத்தப் போகலங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கோவிந்தப்பனும் பஸ் ஏறி வந்து சேர்ந்தார். மருமகன்தான் வரச் சொல்லியிருக்கிறான். மகளிடம் நேராகப் பேச தைரியமில்லாமல் மருமகனைப் பார்த்துப் பேசினார்.

"நாராயணப்பங்கிட்ட நானே போய்ப் பேசிட்றன் மாப்ள. அவன் போட்டோவையும் சேத்து புதுசா ஒரு பேனர் அடிச்சி, மே மாசம்னே போட்டுட்றன். எல்லாருக்கும் சமாதானமா பூடும்."

மணிமேகலைக்கு வந்ததே ஆத்திரம். "அவரு போட்டோவ வேணா பெருசா போட்டுக்கப்பா. அவருக்கு நான் நன்றியே சொல்லணும். மே மாசம்னு போட்டன்னு வெய்யி, நானே வந்து கிழிப்பன்."

"உனக்கு எதுக்குடி இந்தப் பிடிவாதம்?"

"நான் என்னப்பா தப்பு பண்ணன்? லீவு முடிஞ்ச அன்னிக்கே போய் நின்னன். வேலைய குடுத்தாங்க, செஞ்சன். தகுதி இல்லன்னா ஏன் வேலை குடுத்தாங்க? இன்னிக்கி நான் இத விட்டன்னு வெய்யி, எனக்குப் பின்னால வர்ற ஒவ்வொருத்திக்கும் இதேதான். புள்ள பெத்தியா, பின்னால போய் நில்லுன்னு சொல்லிடுவாங்க."

பிறகு பிரிகேடியர் அம்மாவுக்கு அவளே போன் போட்டாள். இடமாறுதலும் தேதியும் வேறு வேறு விஷயம், ஒன்றுக்காக இன்னொன்றை விடமாட்டேன், பேனருக்காக நடவடிக்கை எடுப்பதென்றால் எடுங்கள், அங்கேயும் வந்து இதையே சொல்கிறேன் என்றாள். அவர், "நீயே கெடுத்துக்கொள்கிறாய்" என்று வைத்துவிட்டார். கௌதம் லீவு முடிகிறவரை அவளோடு அளந்துதான் பேசினான்.

சில மாதம் போனது. அடுத்த லீவில் அவள் ஓசூரில் இருந்தபோது வீட்டு விலாசத்துக்கு ஒரு உறை வந்தது. கௌதம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினான், அவனே பிரித்தான். முதல் பத்தியைப் படித்ததும் கத்தினான்.

"மேகலை! தேதிய மாத்திட்டாங்க! ஆகஸ்ட் பன்னெண்டுன்னே போட்டுருக்கான்!"

அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். உண்மைதான். கூடவே ஒப்புதல் சீட்டு ஒன்று இருந்தது. ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது. அவள் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க முகம் கறுத்தது. அதை மேசையில் வைத்தாள்.

"பேனாவ எடுத்துத் தரவா?"

"இதுல கையெழுத்துப் போட மாட்டன்."

கௌதம் தலையில் அடித்துக்கொண்டான். "கேட்ட தேதி வந்துருச்சு! இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?"

"ரெண்டாவது பத்தியப் படிங்க."

எரிச்சலோடு எடுத்துப் படித்தான். இங்கிலீஷில் சுற்றி வளைத்து எழுதியிருந்தது. மெதுவாகத் தமிழில் சொல்லிப் பார்த்தான். அதிகாரியின் குழந்தைப்பேற்றினால் நேர்ந்த தாமதம், கருணை அடிப்படையில், இந்த ஒரு நேர்வுக்கு மட்டும் மன்னிக்கப்படுகிறது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.

மறுபடியும் படித்தான். கீழே தரையில் லாவண்யா உட்கார்ந்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். கௌதம் கடிதத்தையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"எதை மன்னிக்கிறாங்களாம்?" என்றான். குரல் மாறியிருந்தது.

மணிமேகலை லாவண்யாவைக் கண்ணால் காட்டினாள்.

"ஃபைலைத் தொலைச்சது அவங்ய. அங்கிட்டு இங்கிட்டுன்னு தள்ளி விட்டது அவங்ய. எம் பொண்ணு பொறந்ததுக்கு இவங்ய யாரு மன்னிப்புக் குடுக்கறதுக்கு?"

டம்ளர் சத்தம் நின்றது. அப்பா கத்தியதில் குழந்தை பயந்து பார்த்தது. அவன் குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "கையெழுத்துப் போடாத" என்றான். "திருப்பி அனுப்பு. பெங்களூரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொள்ள அவள் முயற்சிகூடச் செய்யவில்லை. அன்றே பதில் எழுதினார்கள். அவள் சொல்ல, அவன் லேப்டாப்பில் அடித்தான். எனக்குக் கருணை வேண்டாம், காரணம் வேண்டும். தாமதம் குழந்தைப்பேற்றினால் வந்ததல்ல, போர்டைக் கூட்டாததால் வந்தது. அதை எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

கொடுத்த சலுகையைத் திருப்பி அனுப்புகிறவளை எந்த அலுவலகத்துக்குப் பிடிக்கும்? ஆணவம் பிடித்தவள் என்று பேச்சு பரவியது. கூடப் படித்த தோழிகள்கூட, வந்ததை வாங்கிக்கொண்டு போகாமல் என்ன வீராப்பு என்று கேட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீர்ப்பாயத்துக்கு வக்கீலைப் பார்த்து எல்லாம் தயாரான பிறகு, அங்கே போகும் முன்பே புதிய ஆணை வந்தது. மெடிக்கல் போர்டைக் கூட்டுவதில் நிர்வாகத்தின் தரப்பில் ஏற்பட்ட தாமதத்தால் தவறாக நிர்ணயிக்கப்பட்ட பதவி உயர்வுத் தேதி திருத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. கருணை இல்லை, மன்னிப்பு இல்லை. அவளுடைய பணி மூப்பும் பழைய இடத்துக்கே வந்தது. பேனர் நோட்டீஸைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அதே வாரம் இடமாறுதலும் வந்தது. அஸ்ஸாமில், எல்லைப் பக்கம். பெங்களூர் இடத்துக்கு வேறு ஒருவர் போயிருந்தார். இது தண்டனையா, வழக்கமான முறையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் முடியாது. மணிமேகலைக்கு வயிறு எரிந்தது. இல்லை என்று பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது.

கிளம்பும் நாளில் மூவரும் ஏர்போர்ட் பஸ்ஸுக்காக ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்கள். லாவண்யா அம்மாவின் துப்பட்டாவை விடவே இல்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாலும் மறுபடி பிடித்தாள். கௌதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

மணிப்பூர்ப் பெண் ஒருத்தி, நர்ஸிங் கேப்டன், எங்கோ ராஜஸ்தானில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இந்தியில் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"மேடம், உங்களுக்கு என்னைத் தெரியாது. பேறுகால லீவு முடிந்து வந்து இத்தனை நாளாக போர்டுக்கு அலைகிறேன். அடுத்த மாதம் எனக்கு மேஜர் பதவி வர வேண்டும். இன்று காலையில் உங்கள் ஆணையின் நகலை வாங்கி எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். நாளைக்கே போர்டு என்று சொல்லிவிட்டார்கள்."

போனின் அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அவள் பேச்சை நிறுத்திச் சமாதானம் செய்வது கேட்டது.

பஸ் வந்து நின்றது. கௌதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "யாரு?" என்று சைகையில் கேட்டான். மணிமேகலை துப்பட்டாவைப் பிடித்த கையோடு மகளை அப்படியே வாரித் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. குரலில் மட்டும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"போர்டு முடிந்து ஆர்டர் வந்ததும் என்ன தேதி போட்டிருக்கிறார்கள் என்று பார்" என்றாள். "ஒரு நாள் தள்ளியிருந்தாலும் வாங்காதே. எனக்கு போன் பண்ணு, சேர்ந்தே சண்டை போடலாம்."